கமாஞ்சே கடந்து வந்த வழி

திருவிழாக் கடைகளில் கொட்டாங்கச்சியும் மூங்கிலும் சேர்த்துச் செய்த பிடில் விற்பார்கள். விற்பவர் கையில் அதில் சினிமாப் பாட்டே வரும். காசு கொடுத்து வாங்கியவர் கையில் கீச்சென்ற சத்தம் தவிர வேறொன்றும் வராது. ஈரானியரின் கமாஞ்சேக்கும் எலும்புக்கூடு ஏறக்குறைய அதுதான். ஒரு கிண்ணம், அதன் வாயில் இழுத்து ஒட்டிய தோல், கிண்ணத்தை ஊடுருவிக் கீழே முள்ளாக நீட்டி நிற்கும் தண்டு, மேலே தந்திகள், ஒரு வில். 15ஆம் நூற்றாண்டின் இசை அறிஞர் அப்துல் காதிர் மராகி, தேங்காய் ஓட்டில் செய்த கமாஞ்சேக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தென்னை விளையாத ஈரானிய மலைநாட்டுக்கு ஓடுகள் இந்தியப் பெருங்கடலின் ஏதோ ஒரு கரையிலிருந்து கப்பலேறித்தான் போயிருக்க வேண்டும். பக்கத்து ஈராக்கில் இதன் பங்காளியான ஜோஸா இன்றும் தேங்காய் ஓட்டில்தான் செய்யப்படுகிறது. ஈரானில் கிண்ணம் வால்நட் மரத்துக்கும் முசுக்கொட்டை மரத்துக்கும் மாறிப் பல காலம் ஆகிவிட்டது. தோல் மட்டும் போகவில்லை. ஆட்டுத் தோலோ மீன் தோலோ, ஏதோ ஒன்று அந்த வாயை மூடியே தீர வேண்டும்.

வாசிக்கும் முறை வயலினுக்கு நேர் எதிர். உட்கார்ந்து, முள்ளைத் தொடையிலோ முழங்காலிலோ ஊன்றி, வாத்தியத்தை நிமிர்த்திப் பிடிக்கிறார்கள். வயலினில் ஒரு தந்தியை விட்டு அடுத்ததற்குப் போக வில்லின் சாய்வை மாற்ற வேண்டும். கமாஞ்சேயில் வில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் ஓடிக்கொண்டிருக்க, இடது கை வாத்தியத்தையே முள்ளின்மேல் திருப்பி, வேண்டிய தந்தியை வில்லின் வழியில் கொண்டுவந்து வைக்கிறது. வில்லின் குதிரைமயிரும் தளர்வாகவே இருக்கும். வலது கை விரல்கள்தான் அதை அந்தந்த நொடிக்கு ஏற்ப இறுக்கியும் நெகிழ்த்தியும் கொடுக்கின்றன. ஒரே இழுப்பில் முனகலிலிருந்து கூவல்வரை போக முடிவது இதனால்தான். தந்திகள் மரப்பலகையை நம்பாமல் தோலை நம்பி நிற்பதால், நாதத்தில் கொஞ்சம் மூக்கும் கொஞ்சம் மூச்சும் கலந்திருக்கும். முதல் முறை கேட்பவருக்கு யாரோ தொண்டை அடைத்துப் பாடுவதுபோல் தோன்றலாம். பழகியபின் வயலின் அளவுக்கு மீறிப் பளபளப்பதாகப் படும்.

இதன் அரண்மனை வாழ்க்கைக்குச் சுவர்களே சாட்சி. இஸ்ஃபஹான் நகரத்தில் 1669-இல் எழுந்த ஹஷ்த் பெஹெஷ்த் மாளிகையில், ஒரு பெண் கமாஞ்சே வாசிக்கும் ஓவியம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் திபிலிசியில் ஜார்ஜிய மன்னரின் அவையில் இருந்த ஆர்மீனியக் கவிஞர் சயத் நோவாவும் இந்த வாத்தியத்தைக் கையில் பிடித்துப் பாடியவர்தான். அஜர்பைஜானில் இது முகாம் எனப்படும் மரபிசையின் தூண்களில் ஒன்று. எல்லைக் கோடுகள் பிற்பாடு வந்தவை. வாத்தியம் அதற்கு முன்பே அங்கெல்லாம் இருந்தது.

பிறகு வயலின் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவோடு ஈரானுக்கு உறவு கூடக் கூட, அதுவும் டெஹ்ரானுக்குள் நுழைந்தது. தமிழ்நாட்டில் பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கையில் எடுத்தபோது, கச்சேரி மேடையில் அது தள்ளிவிட்டு உட்கார வேண்டிய வில் வாத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டெஹ்ரானில் இருந்தது. கமாஞ்சேக்காரர்களிடமே பிள்ளைகள் வயலின் கற்றுக்கொண்டார்கள். புகழ்பெற்ற கமாஞ்சே ஆசிரியர் உசேன் கான் இஸ்மாயில்சாதேயிடம் பயின்றவர்களில் ஒருவர் அபுல்ஹசன் சபா (1902–1957). அவரே பின்னாளில் ஈரானிய வயலினின் பெரிய ஆசிரியராகி, அந்த வாத்தியத்துக்கென்று பாட நூல்கள் எழுதினார். 1923-இல் அலி நகி வசீரி டெஹ்ரானில் இசைப்பள்ளி தொடங்கி மேற்கத்திய இசைக்குறியீட்டைப் புகுத்தினார். ஈரானிய இசையின் கால்சுர நெளிவுகளைத் தாளில் எழுத, கோரோன், சோரி என்ற குறிகளை உருவாக்கியவரும் அவரே. புதிய காலம், புதிய பள்ளி, புதிய வாத்தியம். கமாஞ்சே பழைய வீட்டுச் சாமானாகிவிட்டது.

போகிற போக்கில் வயலின் ஒரு பரிசும் கொடுத்தது. அதுவரை மூன்று தந்தி. வயலினைப் பார்த்து நான்காவது தந்தி சேர்ந்தது, இன்றுவரை நிலைத்தும் விட்டது. இப்போதெல்லாம் பல கமாஞ்சேக்களில் பூட்டியிருப்பதே வயலின் தந்திகள்தான். பாரம்பரியம் தூய்மை என்று யாராவது குரல் உயர்த்தும்போது இந்த நான்காவது தந்தியை நினைத்துக்கொள்வது நல்லது.

நகரம் மறந்ததை மலை மறக்கவில்லை. மேற்கு ஈரானின் லோரெஸ்தானில் கமாஞ்சேயின் கிண்ணத்துக்குப் பின்பக்கமே கிடையாது, திறந்திருக்கும். குரலும் கரடுமுரடானது. கல்யாணமோ சாவோ அதில்லாமல் நடக்காது. வயலின் வந்ததைப் பற்றி அந்த ஊர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. நகரத்தில் அதை மீட்டெடுத்ததில் பெரும் பங்கு அலி அஸ்கர் பஹாரி (1905–1995) என்ற ஒருவருக்கு. அவரும் இடையில் வயலின் வாசித்தவர்தான். பிறகு கமாஞ்சேக்கே திரும்பி வந்து, வானொலியிலும் மேடையிலும் வாசித்து, அதற்கு மறுபடி காது பழக்கினார். 1968-இல் தாரியுஷ் சஃப்வத் தலைமையில், பாரம்பரிய இசையைக் காக்கவும் பரப்பவும் டெஹ்ரானில் ஒரு மையம் தொடங்கியது. பஹாரி அங்கே இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு தலைமுறை வாய்ப்பாடமாகத் திரும்பக் கிடைத்தது.

கேஹான் கல்ஹோர் வருவது இந்த இடத்தில். 1963-இல் டெஹ்ரானில் ஒரு குர்து குடும்பத்தில் பிறந்தவர். பூர்வீகம் கெர்மான்ஷா. ஏழு வயதில் இசை கற்கத் தொடங்கி, 13 வயதில் ஈரானிய வானொலி தொலைக்காட்சியின் தேசிய இசைக்குழுவில் வாசித்தார். ரதீஃப் எனப்படும் மரபுப் பாடத் தொகுப்பை மனனம் செய்ததோடு நிற்கவில்லை. குர்திஸ்தானுக்கும் வடக்குக் கொரசானுக்கும் போய், அங்கே கிராமத்து இசைக்காரர்கள் வாசிப்பதைக் கற்றுக்கொண்டார். இது முக்கியம். ரதீஃப் கற்றவர்கள் ஏராளம். ரதீஃபுக்கு வெளியே இருக்கும் ஈரானைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு. அவர் பிற்காலத்தில் உலகத்துக்குக் கொண்டுபோன மூட்டையில் பாதி, டெஹ்ரானில் கட்டியதல்ல.

17 வயதில் சாவோஷ் என்ற கலை மையத்தின் ஷைதா குழுவில் சேர்ந்தார். வானொலியை விட்டு வெளியேறிய முகம்மது ரெசா லோத்ஃபி போன்ற கலைஞர்கள் கட்டிய இடம் அது. 1979 புரட்சிக்குப் பின் வானொலியில் இசை ஓய்ந்தது. அதற்கடுத்த ஆண்டு ஈராக்கோடு போர் மூண்டது. இளைஞரான கல்ஹோர் நாட்டைவிட்டுக் கிளம்பி, ரோமிலும் பிறகு கனடாவின் ஒட்டாவாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்திலும் மேற்கத்திய இசை படித்தார். கமாஞ்சேயும் கூடப் போனது.

வெளியே போனவர் பிறநாட்டுக் கலைஞர்களோடு சேர்ந்தார் என்றதும், கலப்பிசை, சேர்ந்திசை, ஒத்திசை என்று என்னென்னவோ பெயரில் நடப்பவற்றைக் கேட்டு நொந்திருப்பவர்களுக்கு ஒரு நியாயமான சந்தேகம் உண்டு. நெய் எனப்படும் பாரசீகப் புல்லாங்குழலை எதிரொலி போட்டு ஊதவிட்டு, கீழே கணினித் தாளத்தை ஓட்டினால் 'கிழக்கும் மேற்கும் சந்தித்தன' என்று அட்டையில் போட்டுவிடலாம். அதில் சந்திப்பு ஏதும் நடப்பதில்லை. கல்ஹோர் செய்தது வேறு. வந்தவரைக் கமாஞ்சேயின் வேகத்துக்கு உட்கார வைத்தார். அதே நேரம் வந்தவருடைய பலத்தையும் பிடுங்கிக்கொள்ளவில்லை.

முதல் பெரிய கூட்டாளி இந்தியர். சிதார் மேதை விலாயத் கானின் மகன் ஷுஜாத் ஹுசைன் கான். இருவரும் சேர்ந்து 'கஜல்' என்ற குழுவை அமைத்தார்கள். முதல் தொகுப்பு 1997-இல் வந்தது. தாளக்கட்டு இல்லாமல் விரியும் பாரசீக ஆவாசும் ஹிந்துஸ்தானி ஆலாபும் கேட்கத் தாயாதிகள்போல் இருந்தாலும் நடை வேறு. ஆலாப் ஒரு சுரத்தின் வாசலிலேயே நெடுநேரம் நிற்கும். பாரசீக இசை கூஷே எனப்படும் சிறு சிறு துண்டுகளாக நகரும். ஒன்றைச் சொல்லி முடித்து அடுத்ததற்குப் படியேறும். இவர்கள் இருவரும் ஒரு எளிய மெட்டை நடுவில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லிக்கொண்டு போனார்கள். சிதாரின் ஒலி அணைவதற்குள் கமாஞ்சே அதை வாங்கிக்கொண்டு நீட்டும். மீட்டும் வாத்தியத்தால் பிடித்து வைக்க முடியாத சுரத்தை வில் பிடித்து வைக்கிறது. ஷுஜாத் கான் இடையிடையே பாடவும் செய்வார். 2001-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடந்த கச்சேரியை 'தி ரெயின்' என்ற பெயரில் இசிஎம் நிறுவனம் 2003-இல் வெளியிட்டது. தபலா சந்தீப் தாஸ். கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தொகுப்பு. பரிந்துரை கிடக்கட்டும், ஒத்திகை வாசனை துளியும் இல்லாத பதிவு அது.

தாயகத்தோடும் தொடர்பு அறுபடவில்லை. பாடகர் முகம்மது ரெசா ஷஜரியானோடு சேர்ந்து கொரசான் நாட்டார் இசையை அடியாக வைத்து 'ஷப், சோகூத், கவீர்' என்ற தொகுப்பைத் தந்தார். இரவு, அமைதி, பாலை என்பது அதன் பொருள். ஷஜரியான், தார் கலைஞர் உசேன் அலிசாதே, ஷஜரியானின் மகன் ஹோமாயூன், கல்ஹோர் நால்வரும் சேர்ந்த குழு உலக மேடைகளில் பாரசீக இசையின் முகமாக இருந்தது. புதுமை செய்கிறவர் மரபில் கால் ஊன்றியிருக்கிறாரா என்று ஈரானிய ரசிகர்கள் கறாராகவே பார்ப்பார்கள். அந்தத் தேர்வைக் கல்ஹோர் இந்த மேடைகளில் எழுதி முடித்துவிட்டார்.

1998-இல் செல்லோ கலைஞர் யோ-யோ மா பட்டுப்பாதைத் திட்டத்தைத் தொடங்கினார். 2000-இல் அமெரிக்காவின் டேங்கில்வுட்டில் பல நாட்டுக் கலைஞர்களைக் கூட்டினார், அதிலிருந்து ஒரு குழு உருவானது. கல்ஹோர் ஆரம்பத்திலேயே அதில் இருந்தார். ஈரானிய நகரமான நிஷாபூரின் நீல இரவைப் பெயரில் கொண்ட படைப்பு ஒன்றை அவர் அந்தக் குழுவுக்கு எழுதினார். அதே 2000-இல் குரோனோஸ் என்ற வயலின் குடும்ப நால்வர் குழுவின் 'கேரவன்' தொகுப்பில் அவருடைய 'கேலப் ஆஃப் எ தவுசண்ட் ஹார்சஸ்' வந்தது. ஈரானின் வடகிழக்கில் வாழும் துர்க்மேனியரின் இசையிலிருந்து எடுத்த குதிரைப் பாய்ச்சல் அது. நூறாண்டுக்கு முன் கமாஞ்சேயை வீட்டைவிட்டுத் துரத்திய வயலின் குடும்பம், இப்போது அதைச் சுற்றி உட்கார்ந்து அது பேசுவதைப் பின்தொடர்ந்தது.

இதற்கு ஒரு இயற்பியல் காரணமும் உண்டு. வயலினிலும் செல்லோவிலும் விரலுக்கு இடம் குறிக்கும் மெட்டுக்கட்டைகள் கிடையாது. விரலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கோரோன் குறிக்கும் அரைகுறைச் சுரம் அங்கே வசப்படும், காதுதான் வேண்டும். பியானோவுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே எதுவுமே கிடையாது. நால்வர் குழுக்களோடு கமாஞ்சே இயல்பாக ஒட்டியதற்கும், மின் விசைப்பலகையோடு சேர்த்த எத்தனையோ பாரசீகக் கலவைகள் தட்டையாகிப் போனதற்கும் இதில் பாதி விளக்கம் கிடைத்துவிடும்.

பட்டுப்பாதைக் குழுவில் பழகிய இளம் வில் வாத்தியக்காரர்கள் சிலர் நியூயார்க்கில் புரூக்ளின் ரைடர் என்ற நால்வர் குழுவை நடத்தினார்கள். அவர்களோடு சேர்ந்து 2008-இல் 'சைலண்ட் சிட்டி' வெளியானது. தலைப்புப் படைப்பு ஹலப்ஜாவைப் பற்றியது. 1988 மார்ச் 16 அன்று ஈராக்கிய குர்திஸ்தானின் அந்த ஊர்மீது சதாம் உசேனின் விமானங்கள் ரசாயன குண்டு வீசின. இறந்தவர்கள் 5,000 வரை என்பது பரவலான கணக்கு. குர்து இனத்தவரான கல்ஹோர் அதை அழுகையாகத் தொடங்கவில்லை. கிட்டத்தட்ட அரைமணி நேரப் படைப்பில் முதலில் வருவது, எங்கிருந்தென்று தெரியாமல் மெல்லக் கசியும் தந்தி ஒலிகள். மெட்டு இல்லை, தாளம் இல்லை. இடிபாட்டின்மேல் தூசு அடங்கும் நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார். கமாஞ்சே அவசரமில்லாமல் பிறகுதான் வாய் திறக்கிறது. என்னைக் கேட்டால் கல்ஹோரின் வேலைகளில் இதுவே உச்சம். மேற்கத்திய நால்வர் குழுவால் மட்டும் எழுதியிருக்க முடியாதது. கமாஞ்சே தனியாக நின்றும் சொல்லியிருக்க முடியாதது.

பயணம் வேறு பல கிளைகளாகவும் பிரிந்தது. துருக்கிய பாக்லமா கலைஞர் எர்தால் எர்ஸிஞ்சானோடு 'தி விண்ட்' (2006). நெதர்லாந்தின் ரெம்பிராண்ட் ஃப்ரெரிக்ஸ் ஜாஸ் மூவரோடு 'இட்ஸ் ஸ்டில் ஆட்டம்' (2019). அந்தப் பியானோக்காரர் நவீனப் பியானோவைவிடக் குரல் மெலிந்த பழைய ஃபோர்ட்டேபியானோவில் தேர்ந்தவர். தோல் வாத்தியத்தின் பக்கத்தில் கச்சேரிப் பியானோவை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்தச் சேர்க்கையின் பொருத்தம் புரியும். 2023-இல் மாலி நாட்டுக் கோரா மேதை துமானி ஜபாத்தேயோடு ஒரு தொகுப்பு வந்தது. மறு ஆண்டு துமானி காலமாகிவிட்டார். ஹாலிவுட்டுக்கும் ஒரு நடை போய்வந்தது. ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் 'யூத் விதவுட் யூத்' (2007) படத்தின் இசையில் கேட்பது இந்த வில்தான்.

வாத்தியத்தின் உடலையும் அவர் சும்மா விடவில்லை. ஆஸ்திரேலிய வாத்தியக் கைவினைஞர் பீட்டர் பிஃபினோடு சேர்ந்து ஷா கமான் என்ற புதிய வாத்தியத்தை உருவாக்கினார். கமாஞ்சேயைவிடத் தாழ்ந்த, ஆழமான குரல் அதற்கு. அதை வாசித்து, அலி பஹ்ராமி ஃபர்தின் தாழ்சுரச் சந்தூரோடு 'ஐ வில் நாட் ஸ்டாண்ட் அலோன்' (2012) தொகுப்பைத் தந்தார். அழகான தொகுப்புதான். ஆனாலும் அந்த மூக்கும் மூச்சும் இல்லாத இடத்தில் எனக்குப் பழைய தோலே தேவலாம் என்று தோன்றுகிறது. நல்ல வாத்தியம் என்பதும் ஆளைப் பிடித்துவைக்கும் வாத்தியம் என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

உலகம் முழுக்க வாசித்த ஜோடி டெஹ்ரானில் வாசிக்க முடியாமல் போனதும் உண்டு. 2015-இல் அங்கே நடக்கவிருந்த கல்ஹோர், புரூக்ளின் ரைடர் கச்சேரி ரத்தானது. ஈரானிய அரசுத் தொலைக்காட்சி இசைக் கச்சேரியை ஒலிபரப்பும்போதுகூட வாத்தியங்களைக் காட்டுவதைத் தவிர்த்து, பூவையும் அருவியையும் காட்டுவது வழக்கம். இந்தப் பின்னணியில் 2017-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு, கமாஞ்சே செய்யும் கலையையும் வாசிக்கும் கலையையும் ஈரானும் அஜர்பைஜானும் கூட்டாக முன்வைத்து யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தன. சொந்தத் தொலைக்காட்சியில் முகம் காட்டக் கூடாத வாத்தியம், உலகப் பட்டியலில் தேசத்தின் பெருமை! அதே 2017-இல் கல்ஹோர் உறுப்பினராக இருந்த பட்டுப்பாதைக் குழுவின் 'சிங் மீ ஹோம்' கிராமி வென்றது. 2019-இல் உலக இசைக் கண்காட்சி நடத்தும் வோமெக்ஸ் அமைப்பு தன் கலைஞர் விருதைக் கல்ஹோருக்கு வழங்கியது.

அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் இன்னும் துணிச்சலாகப் போகிறார்கள். உசேன் அலிசாதேயின் மகன் சபா அலிசாதே கமாஞ்சேயை மின்னணு ஒலிகளோடு மோதவிடுகிறார். அவருடைய 'ஸ்கேட்டர்ட் மெமரீஸ்' (2019) தொகுப்பில் வில்லின் உராய்வும் இயந்திர இரைச்சலும் எது எதுவென்று பிரித்தறிய முடியாத இடங்கள் உண்டு. சில இடங்களில் இயந்திரம் ஜெயித்துவிடுகிறது, அது எனக்குக் குறையாகவே படுகிறது. ஆனால் வயலினுக்கு வழிவிட்டு ஒரு காலத்தில் காணாமற்போக இருந்த வாத்தியம் இனி எதோடு மோதினாலும் தன் குரலோடுதான் மோதும் என்ற நம்பிக்கை இந்தத் தலைமுறையிடம் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு முதல் போட்டவர்கள் பஹாரியும் கல்ஹோரும்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் பஹாரியின் தனி வாசிப்பு ஒன்றிலிருந்து தொடங்குங்கள், ஐந்து நிமிடம் போதும். அந்தக் குரல் காதில் உட்கார்ந்தபின் 'தி ரெயின்'. சிதார் பழகிய காதுக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை. 'சைலண்ட் சிட்டி'யைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டே அதைக் கேட்காதீர்கள், முதல் பத்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று அணைத்துவிடுவீர்கள்.